அவர் வீடு காட்டிய விதம்

எங்கள் வீட்டை விற்பனைக்குப் போட்டு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. போன் ஆப்பில் இருக்கிற படத்தில் வாசல் காகிதப்பூச் செடி என் இடுப்பளவுதான். நிஜத்தில் அது மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டது. வீடு பார்க்க வருகிறவர்கள் போனையும் செடியையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். எவ்வளவு காலமாக விலைபோகாமல் கிடக்கிறது என்பது அவர்களுக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். செடியை வெட்டிவிடலாம் என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர் விடமாட்டார். "அது உன்ன என்னா பண்ணுச்சு?" என்பார்.

ஓசூரில் பாகலூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ரோஜாத் தோட்டம் இருந்த இடத்தில் மனை பிரித்தபோது வாங்கிக் கட்டிய வீடு இது. ஆப்பில் புரோக்கர் 'கனவு வீடு' என்று எழுதியிருக்கிறார். கனவு கண்டது நான், கட்டி முடித்தது என் வீட்டுக்காரர். கார் உதிரிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் கடைசி வரை குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். செங்கல்லைத் தட்டிச் சத்தம் கேட்பார். சரியில்லை என்றால் வந்த லாரியிலேயே திருப்பி அனுப்புவார். கொத்தனார்கள் அவர் தலையைக் கண்டதும் பீடியைக் கீழே போட்டுவிட்டு நூல் பிடிப்பார்கள். பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வீட்டு நாற்காலியில் ஒரு கால் குட்டை என்று கண்டுபிடித்துச் சொன்ன மனுஷன். என்னிடம் என்ன குறை கண்டார் என்று மட்டும் இன்றுவரை சொன்னதில்லை.

அந்த மனுஷன், ரிட்டயர் ஆகி வெகுநாள் கழித்து, ஒருநாள் காலையில் பழைய யூனிபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஷிப்ட் கம்பெனி பஸ்ஸுக்காக ஸ்டாப்பில் போய் நின்றார். டீக்கடைக்காரர் போன் செய்துதான் எனக்குத் தெரிந்தது. நான் ஓடிப்போய்க் கூப்பிட்டதும், "சும்மா வாக்கிங் வந்தேன்" என்றார். தோளில் டிபன் பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே காலி டப்பா.

பெங்களூரில் டாக்டரிடம் காட்டினோம். மறதி நோயின் ஆரம்பம் என்றார். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். "வீடு மாத்தறதா இருந்தா சீக்கிரம் மாத்துங்க. இப்பன்னா பாத்ரூம் எங்க, படுக்கை எங்கன்னு அவரால கத்துக்க முடியும். தள்ளிப் போட்டீங்கன்னா புது வீடு அவருக்குப் பிடிபடவே படாது. அதையும் ஒரே தடவை மாத்துங்க, அடிக்கடி மாத்தாதீங்க" என்றார். என் மகள் கிருஷ்ணகிரியில் டீச்சராக இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மாடி இல்லாத சின்ன வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. அதை விற்கிற அம்மா எங்களுக்காகக் கொஞ்ச காலம் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இது விற்றால்தான் அதை வாங்க முடியும். வாடகைக்குப் போனால், ஓனர் காலி செய்யச் சொல்கிற அன்று இவர் மறுபடி முதலிலிருந்து ஒரு வீட்டைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவரால் கற்றுக்கொள்ள முடிகிற காலம் தீர்வதற்குள் இந்த வீடு விற்றாக வேண்டும். எனக்கு இருந்த பயம் முழுவதும் அதுதான்.

டாக்டர் சொன்னதை அவரிடம் நான் முழுதாகச் சொல்லவில்லை. எனக்கு முட்டி வலி, மாடி ஏற முடியவில்லை, மகள் பக்கத்தில் போய்விடலாம் என்றுதான் சொன்னேன். முட்டி வலி பொய்யும் இல்லை. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரி, வித்துடலாம்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே கேட்டுக்கு பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார். மகளைத் தவிர வேறு யாருக்கும் விஷயம் தெரியாது. அக்கம்பக்கத்திலும் சொல்லவில்லை, சர்ச்சிலும் சொல்லவில்லை, புரோக்கரிடமும் சொல்லவில்லை. அவசரம் என்று தெரிந்தால் விலையை அடித்துக் கேட்பார்கள் என்று மகளிடம் காரணம் சொன்னேன். அவரைப் பார்த்து யாராவது 'ஐயோ பாவம்' என்று சொன்னால் என்னால் தாங்க முடியாது என்பதுதான் நிஜம்.

காலையில் காபி கொடுக்கும்போதே பரீட்சை ஆரம்பமாகிவிடும். எழுதுவது அவர், பயப்படுவது நான். "இன்னைக்கு என்னா கிழமைங்க?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்பேன். "ஏன், உனக்கு மறந்து போச்சா?" என்று சிரிப்பார். சரியாகச் சொன்ன நாளில் எனக்குச் சோறு இறங்கும். சொல்லாமல் பேச்சை மாற்றிய நாளில் புரோக்கருக்குப் போன் போடுவேன்.

போனில் புரோக்கர் எப்போதும் ஒரே பதில்தான் வைத்திருப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஆட்டோ பிடித்து நேரிலேயே போய்விட்டேன். ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் ஒற்றை ஷட்டர் ஆபீஸ். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. ஒரு போனில் தெலுங்கு, இன்னொரு போனில் கன்னடம், எனக்கு நாற்காலியைக் காட்டுவது தமிழில். இரண்டு போனையும் வைக்கும் வரை காத்திருந்து கேட்டேன்.

"தம்பி, நேரா சொல்லுங்க. எங்க வூடு ஏன் விக்கல?"

"மேடம், ஏ ஒன் வூடு அது. டைம் வரணும்."

"ரெண்டு வருஷமா இதையேதான் சொல்றீங்க."

"இப்ப எல்லாரும் கேட் போட்ட கம்யூனிட்டிதான் கேக்கறாங்க மேடம். ஸ்விம்மிங் பூல் இருக்குதான்றாங்க."

"எங்க எதிர் வரிசையில போன மாசம் ஒன்னு வித்துச்சே. அதுல ஸ்விம்மிங் பூல் இருந்துச்சா?"

அவர் சிரித்துவிட்டார். பேனாவை எடுத்துத் திறந்து மூடினார். தெரு முனையா, வாசல் திசையா, கிணறு தூர்த்த இடமா என்று நானே ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றார். கடைசியில், "சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. சார்தான் மேடம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. சார் என்ன செய்தார் என்று கேட்டேன்.

"பார்ட்டிய நான் கூட்டிட்டு வர்றேன். கீழ எல்லாம் நல்லாத்தான் போவுது. நீங்க டீ போட உள்ள போயிடறீங்க. சார் அவங்கள மாடிக்குக் கூட்டிட்டுப் போயி, வடக்குச் செவுரு மழைக்கு ஊறுது, கைய வெச்சுப் பாருங்கன்றாரு. கீழ எறங்கி வந்து, சம்புல வெடிப்பு இருக்குது, தண்ணி ரொப்பி வெச்சா நிக்காதுன்றாரு. போறப்ப கேட்டுக்கிட்ட நின்னு, பக்கத்து மனைக்காரரு காம்பவுண்டுக்காகக் கேஸ் போடப் போறாருன்னு அதையும் சொல்லி அனுப்பறாரு. அப்புறம் எவன் மேடம் அட்வான்ஸ் குடுப்பான்?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் அனுப்பக் கூடாது என்பது என் பழக்கம். முட்டிக்குப் பயந்து மாடி பக்கமே நான் போவதில்லை. மாடியும் தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்ச் சம்பும் அவர் இலாகா. குறை உள்ள சாமானை மறைத்து அனுப்பினால் தூக்கம் வராத மனுஷன் வீடு விற்றால் இப்படித்தான் விற்பார் என்று நினைத்தேன். "இத முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி?" என்று கேட்டேன்.

"எப்படி மேடம் சொல்றது? ஓனரே சொல்றாரு. நானும் நெஜம்னு நம்பிட்டேன். அதனாலதான வெலையக் கொறைச்சுக்கலாமான்னு உங்ககிட்ட கேட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வடக்குச் சுவரை முழுவதும் கொத்தி மறுபடி பூசியது மகள் கல்லூரியில் படித்தபோது. சம்பு வெடிப்பை அவள் கல்யாணத்துக்கு முன்பு அடைத்தோம். ஆள் செய்தது சரியில்லை என்று இவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். காம்பவுண்டுக்குச் சண்டை போட்ட ஆள் மனையை விற்றுவிட்டுப் போய் எத்தனையோ காலமாகிறது. இப்போது அங்கே வீடு கட்டியிருக்கிற திருநெல்வேலிப் பிள்ளைகளோடு இவர் தினமும் சுவரோரம் நின்று பேசுகிறார். நடந்து முடிந்த மூன்று விஷயமும் அவருக்கு இன்னும் முடியாமல் இருக்கிறது. கிழமையை மட்டும் கேட்டுக் கேட்டு நான் ஏமாந்திருக்கிறேன்.

 புரோக்கர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார் எதையும் கொஞ்சம் அதிகமாச் சொல்லுவாரு. அதெல்லாம் ரிப்பேர் பண்ணியாச்சு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துகொண்டேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அப்போதும் மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "ஏங்க, நம்ம சம்பு வெடிப்ப எப்ப அடைச்சோம்?"

"எங்க அடைச்சோம்? ஆள வரச் சொல்லணும்" என்றார். குழாயை நிறுத்திவிட்டு, "நீயும்தான் ஞாபகப்படுத்த மாட்டேன்ற" என்று என்னையே கடிந்துகொண்டார். நான் உள்ளே போய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். எனக்கு அவர் மேல் கோபமாகவும் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாதபோது பக்கத்தில் இருக்கிறவர் மேல்தானே வரும்?

அடுத்த முறை ஆள் வந்தபோது டீயை முன்னாலேயே போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டு, நானும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். பெங்களூரில் வேலை பார்க்கிற சின்ன வயசுத் தம்பதி. அந்தப் பெண்ணுக்கு வீடு பிடித்துவிட்டது. பால்கனியில் நின்று கணவனிடம் கன்னடத்தில் தொட்டில் எங்கே கட்டலாம் என்று பேசினாள். எனக்கு அரைகுறையாகப் புரிந்ததே போதுமானதாக இருந்தது. உடனே இவர் வடக்குச் சுவருக்குப் போய்விட்டார். "மறைக்க மாட்டேன்மா. மழை வந்தா இது ஊறும்."

"அதெல்லாம் பூசியாச்சுங்க" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "எப்ப பூசினோம்?"

"பூசி ரொம்ப நாளாச்சு. இப்ப ஒழுகறதே இல்லம்மா" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன். எவ்வளவு வேகமாகச் சொன்னேனோ அவ்வளவு பொய்யாகக் கேட்டது. அவர் குறை இருக்கிறது என்கிறார், நான் இல்லை என்கிறேன். வீடு விற்க வந்த இடத்தில் யார் பேச்சை நம்புவார்கள்? புருஷன் நல்லவர், பெண்டாட்டி மறைக்கிறாள் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்கள்.

அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது மட்டும், "கஸ்டமர் முன்னாடி பொய் சொல்லலாமா?" என்று தட்டைப் பார்த்துக் கேட்டார். உங்களுக்குத்தான் மறந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மேல் இருந்த பழி போயிருக்கும். அந்த வார்த்தையை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பொய்க்காரியாகவே உட்கார்ந்து ரசம் ஊற்றினேன்.

புரோக்கர் ஒரு வழி சொன்னார். பார்ட்டி வருகிற நேரத்தில் சாரைக் கூட்டிக்கொண்டு நான் வெளியே போய்விட வேண்டும். சாவி புரோக்கரிடம் இருக்கட்டும். அப்படியே செய்தோம். புரோக்கர் போன் வந்ததும், காய்கறி வாங்கணும், சர்ச்சில் சூசையப்பர் நவநாள் ஜெபத்துக்குப் போகணும் என்று ஏதாவது சொல்லி அவரைக் கிளப்பிவிடுவேன். சர்ச் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, நம் வீட்டுக்குள் யாரோ நடக்கிறார்கள், அலமாரியைத் திறக்கிறார்கள் என்றே மனசு ஓடும். அவர் என் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்து, பெஞ்சின் வெல்டிங் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார். சொந்த வீட்டை அவருக்குத் தெரியாமல் திருடிக் கொடுப்பதுபோல எனக்கு இருந்தது.

வழி பலித்தது. வண்டி ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிற ஒருவருக்குப் பிடித்துவிட்டது. இரண்டாம் முறை தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார். வியாழக்கிழமை வளர்பிறை, நாள் நன்றாக இருக்கிறது, வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்து அட்வான்ஸ் கொடுக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் போனில் அழுதேவிட்டாள். வீட்டை விற்கிற அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன்மா, அப்பாவுக்கு ஜன்னலோர ரூம், கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று மூச்சுவிடாமல் பேசினாள். எனக்கும் அன்றுதான் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

புதன்கிழமை சாயங்காலம், நாளைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க இனிப்பும் காரமும் வாங்கிக்கொண்டு வந்தேன். கேட்டருகே அவர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"வாங்கம்மா. வூடு பாக்க வந்தீங்களா? புரோக்கர் வரலியா?"

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அப்படிக் கேலி செய்கிறவர்தான். "ஆமாங்க, நல்ல வூடுன்னு கேள்விப்பட்டேன்" என்று நானும் சொல்லிவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. என் முகத்தை மரியாதையோடு பார்த்தார். கட்டினவளை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. 

"உள்ள வாங்க. வீட்டுக்காரி கடைக்குப் போயிருக்கறா, இப்ப வந்துடுவா. வந்தா டீ போடுவா."

கையில் இனிப்புப் பையோடு அவர் பின்னால் போனேன். என் வீட்டை அவர் எனக்குச் சுற்றிக் காட்டினார். ஹாலில் மின்விசிறிக் கொக்கியை எதற்குக் கூடுதலாகப் போட்டார், சமையல் மேடையை வீட்டுக்காரியின் உயரத்துக்கு எப்படி அளந்து வைத்தார் என்று சொன்னார். அதை என்னிடம் இதுவரை சொன்னதே இல்லை. மாடிப்படி இருட்டாக இருந்தது. பேசிக்கொண்டே, பார்க்காமலே, கை நீட்டி ஸ்விட்சைப் போட்டார். திருப்பத்தில் கால் தானாக ஒதுங்கி அகலப் படியில் பதிந்தது. "பாத்து ஏறுங்க" என்று எனக்குக் கை கொடுத்தார். என்னைத் தெரியாத அந்த நேரத்திலும் இந்த வீடு அவருக்குத் தெரிந்திருந்தது.

வடக்குச் சுவரைக் காட்டினார். ஊறும் என்றார். நான் சரி என்று கேட்டுக்கொண்டேன்.

"இவ்வளவு ஆசையா கட்டியிருக்கீங்க. எதுக்குங்க விக்கறீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது.

"வீட்டுக்காரிக்கு முட்டி வலிம்மா. மாடி ஏற முடியல. பொண்ணு கிட்ட போயிடணும்னு ஆசைப்படறா." அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இந்த வூட்ட விட்டுப் போக இஷ்டமே இல்ல. அவகிட்ட சொல்லிடாதீங்க. மனசு கஷ்டப்படுவா."

அந்தக் குறைகளையெல்லாம் சரிசெய்தது மறந்துபோய்ச் சொன்னாரா, போக மனமில்லாமல் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் கலந்தே இருக்கலாம். டாக்டர் சொன்ன காலம் என் கண் முன்னால் தீர்ந்துபோயிருந்தது. இனி இவரை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் சுவரைத் தடவித்தான் நடப்பார். மறுநாள் காலையில் புரோக்கரைக் கூப்பிட்டு எல்லா உண்மையையும் சொல்லி, வேண்டாம் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பார்ட்டிய நான் பாத்துக்கறேன்மா" என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தார். மகள் இப்போது சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வருகிறாள். பகலில் உதவிக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறோம். பயம் எங்கேயும் போய்விடவில்லை, எங்களோடு அதே வீட்டில்தான் இருக்கிறது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தச் சாயங்காலம் கீழே இறங்கி வந்து, அவர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"நல்லது கெட்டது எல்லாம் சொல்லிட்டேன்மா. வூடு பிடிச்சுதா?"

"பிடிச்சிருக்குதுங்க. நாங்களே எடுத்துக்கறோம்" என்றேன்.

"அவசரப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"கேட்டுட்டேங்க" என்றேன்.